திரும்பக் கட்டிய குலை

கண்ணுகளா,

போன சனிக்கிழமை கணபதி பழக்கடையில் நடந்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எடை போடுவதற்கு முன்னாலேயே நீங்கள் இரண்டு பேரும் திராட்சையைப் பிய்த்து வாயில் போட்டீர்கள். நான் வையுங்கள் என்றேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டு, "கொழந்தைங்கதானுங்க, திங்கட்டும் உடுங்க" என்றார். நான் விடவில்லை. வீடு வரும்வரை சின்னவள் என் கையைப் பிடிக்காமல் முன்னால் நடந்தாள். பெரியவன் மட்டும், "ஒரே ஒரு பழத்துக்கு ஏம்ப்பா இப்படி?" என்று கேட்டான்.

கேள்வி நியாயமானதுதான். அடுத்த வேலைநாள் முழுக்கப் பட்டறையில் லேத்தில் நின்றுகொண்டே அதற்குப் பதில் தேடினேன். வாயால் சொன்னால் பிரசங்கம் என்பீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் பெரியவன் திருத்திக்கொள்ளட்டும்.

உங்கள் வயதில் நான் வருஷம் முழுக்கத் திராட்சைக்கு நடுவில் இருந்தேன். தொண்டாமுத்தூரைத் தாண்டி, மலையடிவாரத்தில் ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டம். கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்து, கொடியைப் படரவிட்ட பந்தல். என் அப்பா அங்கே பந்தல்காரர். கொடியை வெட்டிக் கவாத்து செய்வது, மருந்தடிப்பது, புதுக்குருத்தைக் கம்பியோடு சேர்த்து வாழைநாரால் கட்டுவது எல்லாம் அவர் வேலை. அந்தக் கட்டு ஒரு தனிக் கட்டு. இறுக்கினால் குருத்து நசுங்கும், தளர்த்தினால் காற்றில் அறுந்துவிடும். இரண்டு சுற்று, நடுவில் ஒரு விரல் இடம், அப்புறம் முடிச்சு. என் உயரத்துக்குத் தாழ்ந்து தொங்கும் குருத்தெல்லாம் நான்தான் கட்டுவேன்.

பந்தலுக்குள் எப்போதும் ஒரு பச்சை இருட்டு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்த மருந்து இலைகளில் வெளிர்நீலமாகக் காய்ந்து கிடக்கும். என் காக்கி நிக்கரில்கூட நீலத் திட்டு இருக்கும். ஆனி மாதம் காய் நிறம் மாறத் தொடங்கும். முதலில் குலைக்கு ஒரு பழம் கருக்கும். அடுத்த நாள் நான்கு. பத்தாவது நாள் பந்தல் முழுக்க ஒரு வாசனை. பன்னீரும் வெல்லமும் சேர்ந்த மாதிரி இருக்கும். காற்று நின்றால் அந்த வாசனை தலைமேல் உட்கார்ந்துகொள்ளும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் வேலை பழைய டால்டா டின்னைத் தட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடந்து கிளிகளை விரட்டுவது. குலைகள் என் மூக்குக்கு நேராகத் தொங்கும்.

ஆனால் ஒரு பழத்தைத் தொடக்கூடாது.

அது அப்பா வைத்த விதி. அந்தத் தோட்டத்தில் நாங்கள் ஒரு குடும்பம்தான் கிறிஸ்தவர்கள். தோட்டத்து அம்மா, அதாவது தோட்டத்தின் சொந்தக்காரர், தெலுங்கு பேசும் வீட்டைச் சேர்ந்தவர். அவருடைய முதல் குலை பெருமாள் கோவிலுக்குப் போகும். எங்கள் சபைக்கென்றும் ஒரு குலையை அவரே மனதார ஒதுக்கியிருந்தார். முதல் விளைச்சலைக் கர்த்தருக்குப் படைக்கும் முதற்கனி ஆராதனையன்று அது பீடத்தில் வைக்கப்படும். "கர்த்தருக்குக் குடுத்துப்போட்டுத்தான் நம்ம வாயில வெக்கோணும்" என்பார் அப்பா. அவரும் அப்படித்தான் இருந்தார். பழுத்துவிட்டதா என்று பார்க்கக்கூடச் சுவைக்க மாட்டார். விரலால் தட்டி, முகர்ந்து, அதோடு விட்டுவிடுவார்.

அந்த வருஷம் அவர் ஒன்று சேர்த்துச் சொன்னார். அறுப்பு வரைக்கும் யார் வாய் சுத்தமாக இருக்கிறதோ, அந்தப் பிள்ளைதான் முதல் குலையைப் பித்தளைத் தட்டில் வைத்துப் பீடம் வரைக்கும் எடுத்துப் போகவேண்டும். முந்தின வருஷங்களில் அதைப் பெரியவர்கள்தான் எடுத்துப் போனார்கள். எனக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. டின்னைத் தட்டும்போதுகூட ஆலய நடைபாதையில் நடப்பது போலத்தான் நடந்தேன்.

போட்டிக்கு இன்னொருவன் இருந்தான். என் தாய்மாமன் மகன். வால்பாறைத் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவன், என்னைவிட ஒரு வயது மூத்தவன். மழைக்காலத்தில் மலையில் பள்ளிக்கூடம் சரியாக நடக்காது என்று மாமன் அவனை எங்களிடம் விட்டிருந்தார். அட்டையும் பனியும் தேயிலையும் பார்த்தவன் திராட்சையைக் கொடியில் பார்த்தது அதுதான் முதல் தடவை. முதல் நாள் பந்தலுக்குள் வந்து அண்ணாந்து நின்றவன், வாயை மூட மறந்துபோனான்.

யார் வாய் சுத்தம் என்று பார்ப்பது அம்மா. சாயங்காலம் விளக்கு வைத்து, பாய் விரித்து, ஜெபத்துக்கு உட்காரும் முன் எங்கள் இருவரையும் வெளிச்சத்துக்கு இழுப்பார்.

"நாக்க நீட்டு கண்ணு. இன்னும் நீட்டு. அடிநாக்கு தெரியோணும்."

பன்னீர் திராட்சை தின்றால் நாக்கு கருத்துவிடும் என்பது அம்மாவின் திடமான நம்பிக்கை. அவர் தோலோடு மென்று தின்பவர். தோலைத் துப்புவது பழத்தை அவமானப்படுத்துவது என்று நினைப்பவர். உலகமே அப்படித்தான் தின்னும் என்று எண்ணிவிட்டார்.

அம்மாவின் ஜெபத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சபையில் எல்லோரும் கர்த்தரை "நீர்" என்று அழைப்பார்கள். அம்மா மட்டும் அவருக்கும் "ங்க" போட்டுத்தான் பேசுவார். நேரில் சொல்ல முடியாததையெல்லாம் அந்த ஜெபத்தில் சொல்லிவிடுவார். "ஆண்டவரே, மூக்குப்பொடி போடறவங்களுக்கு நல்ல புத்தி குடுங்க" என்பார். பக்கத்தில் முழங்காலில் நிற்கும் அப்பா இருமுவார். அதற்கு எதிர்ப்பேச்சு கிடையாது. ஜெபத்துக்கு நடுவில் யார் பேச முடியும்?

ஒரு நாள் பின்வரிசையில் மாமன் மகன் குந்தி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். காலடியில் கருநீலத் தோல்கள்.

"டேய், தின்னயா?"

"கத்தாதடா மாப்ள. இங்க பாரு." ஒரு பழத்தைக் காம்புப் பக்கம் உதட்டில் வைத்து இரண்டு விரலால் பிதுக்கினான். உள்ளிருந்த பச்சைச் சதை சளக்கென்று வாய்க்குள் போயிற்று. தோலை மண்ணில் புதைத்தான். நாக்கை நீட்டிக் காட்டினான். கழுவிய மாதிரி இருந்தது.

"தோலத் தின்னாத்தான்டா கருக்கும். உங்கம்மா பாக்கறது நாக்கத்தான, வயித்தயா பாக்கறாங்க? இந்தா, ஒண்ணு."

"வேண்டாம்."

"பயந்தாங்கொள்ளி."

"அப்பா வேண்டாம்னு சொல்லிருக்காரு."

"உங்கப்பாவா இங்க நிக்கறாரு? கிளியுந்தான் திங்குது. கிளிக்கு எந்தக் கோயிலு?"

டின்னை இன்னும் பலமாகத் தட்டிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனேன். அன்று இரவு பரமண்டல ஜெபத்தில் சோதனை என்ற சொல் வந்த இடத்தில் எனக்குப் பன்னீர் வாசனை அடித்தது.

ஆனால் உண்மையான சோதனை அவன் கொண்டுவந்ததில்லை. அது வெள்ளைக் காரில், குடை பிடித்துக்கொண்டு வந்தது.

அந்த வாரச் சனிக்கிழமை காலை தோட்டத்து அம்மா பழம் பார்க்க வந்தார். அப்பா மோட்டார் அறையில் இருந்தார். நான் வேலியோரக் கடைசி வரிசையில் குருத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்து அம்மா என் கட்டைப் பார்த்துவிட்டு, "அட, அப்பன் கட்டு மாதிரியே இருக்குதே!" என்றார். மடியிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்தார். கருத்துப் பழுத்த ஒரு குலையை வெட்டி என்னிடம் நீட்டினார்.

"இந்தா கண்ணு, சாப்புடு."

"வேண்டாமுங்கம்மா."

"ஏன்? புளிக்கும்னு பாக்கறயா? தேனாட்டம் இருக்கும்."

"இல்லீங்கம்மா. கர்த்தருக்குக் குடுத்துப்போட்டுத்தான் திங்கோணும்னு அப்பா சொல்லிருக்காருங்க."

"இது யாரு தோட்டம்?"

"உங்க தோட்டமுங்க."

"நாந்தான தர்றேன்? திருடவா சொல்றேன்?"

நான் தலையைக் குனிந்து நின்றேன். அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்தது போலவும் இருந்தது, சிரிப்பு வந்தது போலவும் இருந்தது. "பெரிய பக்திமான்தான் போ" என்று குலையை என் கையில் திணித்தார். "வெச்சுக்க. எப்பத் தோணுதோ அப்பத் தின்னு." டிரைவரிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

கண்ணுகளா, இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்கவேண்டும். திருட்டு இல்லை. உடைமைக்காரரே கொடுத்தது. பக்கத்தில் யாரும் இல்லை. குலை கையில் கனத்தது. வெயில் பட்டு வெதுவெதுப்பாக இருந்தது. வெட்டிய காம்பில் ஒரு சொட்டு நீர் நின்றது. கர்த்தர் பார்க்கிறார் என்ற பயத்தில் தின்னாமல் இருந்தேன் என்று சொன்னால் அது பொய். அந்த நேரத்தில் எனக்குப் பயமே இல்லை. வாயில் எச்சில்தான் இருந்தது. அப்பாவிடம் சரிங்க என்று சொல்லியிருக்கிறேன். அந்தச் சரி இத்தனை நாளும் உடையாமல் இருக்கிறது. இதை உடைத்தால் அப்புறம் எதை வைத்துக்கொண்டு பீடத்துக்கு நடப்பது? அதுதான் யோசனை. முழங்காலில் நிற்கவில்லை, கண்ணை மூடவில்லை. "ஆண்டவரே, இத நீங்களே எடுத்துக்கங்க" என்று அம்மா மாதிரியே வாய்விட்டுச் சொன்னேன்.

அவர் எடுத்துக்கொள்ளவில்லை. குலை என் கையிலேயே இருந்தது.

கீழே போட்டால் எறும்பு, வீட்டுக்குக் கொண்டுபோனால் கேள்வி. கடைசியில் இடுப்பில் சொருகியிருந்த வாழைநாரை உருவி, அது வெட்டுப்பட்ட இடத்திலேயே திரும்பக் கட்டினேன். இரண்டு சுற்று, ஒரு விரல் இடம், ஒரு முடிச்சு. மறுபடியும் ஒட்டிக்கொள்ளும் என்றுகூடக் கொஞ்சம் நம்பினேன். இலையை இழுத்து மறைத்துவிட்டு ஓடிவந்தேன்.

அடுத்த சனிக்கிழமை. மறுநாள் முதற்கனி ஆராதனை. அன்று வாசனை தாங்க முடியவில்லை. வயிறு நிறைந்தால் ஆசை அடங்கும் என்று நினைத்து, பள்ளத்தோரம் நிற்கும் நாவல் மரத்துக்குப் போனேன். மாமன் மகனும் கூட வந்தான். எங்கள் கிணற்று மேட்டு நாவல் இன்னும் செங்காயாகத்தான் இருந்தது. பள்ளத்து மரம் தண்ணீர் பக்கம் என்பதால் முன்னாலேயே பழுத்துக் கொட்டிக் கிடந்தது. நான் உட்கார்ந்து வயிறு முட்டத் தின்றேன். அவன் ஒன்றுகூடத் தொடவில்லை. "துவர்க்கும்டா" என்றான். அவனுக்கு ஏற்கெனவே வயிறு நிறைந்திருந்தது.

சாயங்காலம் விளக்கு வெளிச்சத்தில் நாக்கை நீட்டினேன். அம்மா பின்னால் நகர்ந்தார்.

"ஏனுங்க! இங்க வாங்க. இந்த நாக்கப் பாருங்க!"

"நாவப்பழமுங்கம்மா" என்றேன். நாக்கு தடித்து, சொல்லே குழறியது.

அப்பா குனிந்து பார்த்தார். "எந்த மரத்து நாவலு?"

"பள்ளத்து மரமுங்கப்பா."

"நம்ம கெணத்து மரமே காயாக் கெடக்குது. பள்ளத்து மரம் மட்டும் பழுத்துருச்சா? தின்னது போவட்டும். பொய் வேறயா?"

நான் மாமன் மகனைப் பார்த்தேன். அவன் சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நாக்கு சுத்தமாக இருந்தது.

அவனைக் காட்டிக்கொடுக்காதது என் பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். நாக்கு கருத்தவன் பேச்சை யார் நம்புவார்கள்? கட்டி வைத்த குலையைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் வெட்டிய பழத்தைக் கொடியில் கட்டியவன் என்று சிரிப்பார்களே என்ற வெட்கம். அது எனக்கும் கர்த்தருக்கும் நடுவில் இருக்கட்டும் என்றும் தோன்றியது.

அன்றைய ஜெபத்தில் அம்மா அதையும் கர்த்தரிடம் சொல்லிவிட்டார். "ஆண்டவரே, இந்த ஊட்டுல ஒரு நாக்கு பழத்தையுந் தின்னுபோட்டுப் பொய்யுஞ் சொல்லுதுங்க. அதச் சுத்தம் பண்ணுங்க."

ஜெபத்துக்கு நடுவில் யார் பேச முடியும்?

ஞாயிற்றுக்கிழமை புளி போட்டுத் துலக்கிய பித்தளைத் தட்டைத் தூக்கிக்கொண்டு நடைபாதையில் நடந்தது மாமன் மகன். புதுச்சட்டை அவனுக்கு. நான் கடைசி வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தேன். அவன் பீடத்தடியில் தட்டை நீட்டினான். போதகர் வாங்கிக்கொண்டு அவன் தலையில் கை வைத்தார். அவன் திரும்பி வரும்போது முகம் காய்ச்சல்காரன் முகம் மாதிரி இருந்தது. ஆராதனை முடிந்து எல்லோருக்கும் பழம் கொடுத்தார்கள். நான் வாங்கவில்லை. அவனும் வாங்கவில்லை.

திங்கட்கிழமை அறுப்பு தொடங்கியது. புதன்கிழமை நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது கடைசி வரிசை நடந்துகொண்டிருந்தது. தோட்டத்து அம்மா குடையோடு நின்று கூடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் அம்மா இலை விரித்துப் பழம் அடுக்கிக்கொண்டிருந்தார். அப்பா ஓர் இலையை ஒதுக்கியவர், அப்படியே நின்றார்.

"இதாரு கட்டுனது?"

கொடியில் ஒரு குலை. காற்றில் வற்றிச் சுருங்கி, கருத்து, ஆனால் ஒரு காம்புகூட வெறுமையாக இல்லாமல், வாழைநார் கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா முடிச்சை விரலால் தொட்டார். இரண்டு சுற்று, ஒரு விரல் இடம். அவருக்கு வேறு யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. என் பக்கம் திரும்பினார்.

அதற்குள் தோட்டத்து அம்மா அப்பாவிடம், "அட ராமா! இது நான் இவனுக்கு வெட்டிக் குடுத்த குலைதானுங்க மேஸ்திரி! அன்னைக்கு எத்தனை சொல்லியும் திங்க மாட்டேன்னுட்டான். கையில திணிச்சுப்போட்டுப் போனேன். இந்தப் பையன் அதத் திருப்பிக் கட்டியா வெச்சிருக்கான்?" என்றார். பிறகு அவர் சிரித்த சிரிப்பில் குடை கீழே விழுந்தது.

எங்கள் அம்மா எழுந்து வந்தார். "அப்புறம் அந்த நாக்கு?"

கூடையைத் தூக்கிக்கொண்டிருந்த மாமன் மகன் அதை இறக்கி வைத்தான். அழ ஆரம்பித்துவிட்டான். "அது நாவப்பழந்தானுங்க அத்தை. பள்ளத்து மரம் பழுத்துத்தானுங்க கெடந்துது. நானும் கூட இருந்தனுங்க. திராட்சை தின்னது நாந்தானுங்க."

"உன்ற நாக்கு சுத்தமா இருந்துதேடா!"

அவன் அழுதுகொண்டே ஒரு பழத்தை எடுத்து, உதட்டில் வைத்து, பிதுக்கிக் காட்டினான். தோலைத் துப்பிவிட்டு நாக்கை நீட்டினான்.

அம்மா அந்த நாக்கையே வெகுநேரம் பார்த்தார். இத்தனை நாள் சாயங்காலம் தான் பார்த்த நாக்கையெல்லாம் நினைத்துக்கொண்டாரோ என்னவோ. அவனை அடிக்கவில்லை. அவன் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். அன்றோடு எங்கள் வீட்டில் நாக்குப் பார்ப்பது நின்றது.

அப்பா மன்னிப்புக் கேட்கிறவர் இல்லை. குலை வெட்டும் கத்தரியை என்னிடம் நீட்டினார். பழத்தின் மேலிருக்கும் வெண்மாவு அழியாமல் காம்பைப் பிடித்து வெட்டத் தெரிந்த பெரியவர்கள் மட்டும் தொடும் கத்தரி அது. "மீதி வரிசைய நீ வெட்டு" என்றார். அந்தக் காய்ந்த குலை பக்கம் வந்ததும், "இது மட்டும் இருக்கட்டும்" என்றார். நான் அந்த வரிசையை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெட்டினேன். இன்றைக்கு லேத்தில் நூல் பிசகாமல் ஒரு சாமானைக் கடைந்து எடுத்தாலும் அந்தப் பெருமை வராது.

பள்ளத்து மரம் பத்து நிமிஷ நடை. அந்தச் சனிக்கிழமை அப்பா நடந்து போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் அது மலையிலிருந்து யானை இறங்கும் நேரம், நாள் முழுக்க அறுப்புக்கான கூடைகளைச் சுமந்த தோள். தகப்பனான பிறகு எனக்கு அது புரிகிறது. நானும் உங்கள் நாக்கை மட்டும் பார்த்து எத்தனை தடவை தீர்ப்புச் சொல்லியிருக்கிறேனோ. நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் பெரியவனே, ஒரு பழம் ஒரு பழம்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறோமா என்று நமக்கே தெரிவது அந்த ஒரு பழத்தில்தான். ஆசைப்படுவது பாவமில்லை. நான் நாளெல்லாம் ஆசைப்பட்டேன். கீழ்ப்படிந்தேன், அவ்வளவுதான். அதற்கு நம்பிக்கையும் வேண்டும். யாரும் நம்பாத மூன்று நான்கு நாள் எனக்கு அதுதான் துணை.

அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அம்மா நாக்கைக் கேட்காமல் முழங்காலில் நின்றார். "ஆண்டவரே," என்றவர் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். "இந்த ஊட்டுல ஒரு தாயி பெத்த புள்ளைய நம்பாமப் போயிட்டாளுங்க. அவன் அத மனசுல வெச்சுக்காம இருக்கோணுமுங்க." அப்பா இருமினார். மூக்குப்பொடிக்கு இருமும் இருமல் இல்லை அது. பக்கத்தில் மாமன் மகன் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஜெபத்துக்கு நடுவில் யாரும் பேச முடியாது. ஆமென் என்று மட்டும் சொல்லலாம். அதைச் சத்தமாகச் சொன்னேன்.

மறுநாள் விடிந்ததும் தனியாகப் பந்தலுக்குள் போனேன். குலைகள் எல்லாம் போய், கடைசி வரிசையில் என் குலை மட்டும் இருந்தது. அதில் நல்லதாக ஒரு பழத்தைப் பிய்த்துச் சட்டையில் துடைத்தேன். கையைக் கட்டி, சாப்பாட்டுக்குச் சொல்லும் ஜெபத்தை அந்த ஒரு பழத்துக்கு முழுசாகச் சொன்னேன். தோலோடு மென்று விழுங்கினேன். பிறகு கம்பிகளுக்கு நடுவில் வானம் தெரிந்த இடமாகப் பார்த்து நின்று, அண்ணாந்து, அடிநாக்கு தெரிய நாக்கை நீட்டிக் காட்டினேன்.